'அரண்மனை நகை' என்று சொல்லி விற்க வருபவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

2018 நவம்பரில் ஜெனீவாவில் சோத்பீஸ் நிறுவனம் ஒரு முத்துப் பதக்கத்தை ஏலத்துக்கு விட்டது. வைரம் பதித்த வில்முடிச்சு ஒன்று, அதிலிருந்து தொங்கும் நீர்த்துளி வடிவ முத்து ஒன்று, அவ்வளவுதான். 10 முதல் 20 லட்சம் டாலர் வரை போகலாம் என்பது ஏலக்காரர்களின் கணிப்பு. போனது ஏறத்தாழ 3.6 கோடி டாலருக்கு. முத்து நல்ல முத்துதான். இயற்கை முத்து, 26 மில்லிமீட்டர் நீளம், கண்ணைப் பறிக்கும் நீரோட்டம். ஆனாலும் முத்துக்காக யாரும் அத்தனை பணம் கொடுப்பதில்லை. கழுத்தில் அணிந்திருந்தவர் பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

அது அவருடையதுதான் என்று எப்படித் தெரியும்? நகை மதிப்பீட்டுத் தொழிலில் எனக்குச் சோறு போடும் கேள்வி இதுதான். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791இல் நாட்டைவிட்டுத் தப்பத் திட்டமிட்ட அரசி, நகைகளைப் பிரஸ்ஸல்ஸில் இருந்த ஆஸ்திரியத் தூதர் மெர்சி அர்ஜென்டோ பிரபுவிடம் அனுப்பினார். அங்கிருந்து அவை வியன்னாவுக்குப் போயின. தப்ப முடியாமல் அரச குடும்பம் சிறைப்பட்டது. சிறையிலிருந்து உயிரோடு மீண்ட ஒரே பிள்ளையான மகள் மேரி தெரேஸ் 1796இல் வியன்னாவுக்கு வந்து அவற்றைப் பெற்றுக்கொண்டார். அவருக்குக் குழந்தை இல்லாததால் அந்தப் பதக்கம் உறவு வழியில் பார்மா அரச குடும்பத்துக்குப் போய், 2018 வரை அங்கேயே இருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பெயரும் காலமும் இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் விலை அப்படியே சரிந்திருக்கும்.

நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். 'சமஸ்தானத்து அட்டிகை', 'ஜமீன் வீட்டு முத்துமாலை', 'நவாப் காலத்து வைரத்தோடு' என்று சொல்லி, கல்லின் விலைக்கு மேல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கேட்டு விற்கும் வழக்கம் கல்யாணப் பருவத்தில் சூடு பிடிக்கிறது. வாங்கிய பிறகுதான் பெரும்பாலானவர்கள் என் மேசைக்கு வருகிறார்கள். கதையைக் கேட்டால் நேரம் போவதே தெரியாது. எந்த அரண்மனை, எந்த ராணி, எந்தத் தாத்தாவுக்கு எதற்காகப் பரிசாகக் கிடைத்தது என்று எல்லாம் இருக்கும். துண்டுக் காகிதம் மட்டும் இருக்காது. அந்தக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. நிரூபிக்க முடியாத கதைக்கு மதிப்பீட்டு அறிக்கையில் நான் ஒரு ரூபாய்கூடப் போட முடியாது, அவ்வளவே.

இந்த ஏமாற்று புதிதும் அல்ல. 1785இல் பிரான்சையே உலுக்கிய வைர மாலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போமர், பஸாஞ்ச் என்ற பாரிஸ் நகைக்காரர்கள் 647 வைரங்கள் பதித்த மாலை ஒன்றை வைத்துக்கொண்டு வாங்க ஆள் இல்லாமல் தவித்தார்கள். விலை 16 லட்சம் லீவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). ழான் டி லா மோத் என்ற பெண், அரசி அதை ரகசியமாக வாங்க விரும்புவதாகக் கத்தோலிக்க மதகுருவான கார்டினல் ரோஹானை நம்பவைத்தார். அரசி கையெழுத்திட்டதாகச் சொல்லி ஓர் உடன்படிக்கையையும் காட்டினார். கையெழுத்து 'பிரான்சின் மேரி அன்டோனெட்' என்றிருந்தது. பிரெஞ்சு அரசிகள் தங்கள் பெயரை மட்டுமே எழுதிக் கையெழுத்திடுவார்கள். நாட்டின் பெயரைச் சேர்க்கும் வழக்கமே கிடையாது. அரசவையில் பழகிய ரோஹானுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆசை கண்ணை மறைத்தது. அவர் வழியாக அந்தப் பெண்ணின் கூட்டத்திடம் போன மாலை பிரிக்கப்பட்டு, கற்கள் லண்டனில் சில்லறையாக விலை போயின. இன்றும் என்னிடம் வரும் 'அரண்மனைக் கடித'ங்களில் நான் முதலில் பார்ப்பது முத்திரையின் அழகை அல்ல. அந்தக் காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர் அப்படித்தான் எழுதியிருப்பாரா என்று பார்க்கிறேன்.

பெரிய ஏல நிறுவனங்கள் சொன்னால் கதை உண்மையாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. லா பெரெக்ரினா என்ற புகழ்பெற்ற முத்தை நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 1969இல் 37,000 டாலருக்கு வாங்கி நடிகை எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்தார். 2011இல் அது 1.18 கோடி டாலருக்கு விலைபோனது. இங்கிலாந்து அரசி மேரி டியூடர் ஓவியத்தில் அணிந்திருப்பது இதே முத்துதான் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். மேரி இறந்தது 1558இல். பனாமா கடலில் எடுத்த இந்த முத்து ஸ்பெயின் அரசவைக்கு வந்ததோ அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து. ஓவியத்தில் இருப்பது வேறு முத்து. (டெய்லரின் நாய்க்குட்டி ஒருமுறை இதை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்ததாம். பல் தடம் விழாதது அதிசயம். முத்து அத்தனை மென்மையானது.)

காகிதம் இருக்கட்டும், கல்லுக்கு வருவோம்.

முத்தில் முதல் கேள்வி அது தானாக விளைந்த இயற்கை முத்தா, மனிதர் சிப்பியில் விளைவித்த வளர்ப்பு முத்தா என்பது. கடைகளில் பல்லில் தேய்த்துப் பார்த்து, நறநறவென்று இருந்தால் 'அசல் பஸ்ரா' (பாரசீக வளைகுடாவின் இயற்கை முத்து) என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கண்ணாடி முத்தையும் பிளாஸ்டிக் முத்தையும் பிடிக்க அந்தச் சோதனை உதவும். வளர்ப்பு முத்தும் சிப்பிக்குள் விளைந்ததுதான், அதுவும் நறநறவென்றே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் உள்விஷயம் தெரியும். இயற்கை முத்தில் வெங்காயத்தை வெட்டியதுபோல் நடுவிலிருந்தே வளையங்கள் இருக்கும். வளர்ப்பு முத்தில் பெரும்பாலும் உருண்டையான மணி ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். மணி வைக்காமல் வளர்த்த முத்தும் உண்டு. அதைப் பிரித்தறிய அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் கருவி வேண்டும். ஆகவே ரத்தின ஆய்வகத்தின் அறிக்கை இல்லாமல் 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய மாலையில் அறுந்த இடத்தில் புது முத்துகளைக் கோத்திருப்பார்கள் என்பதால், மாலை முழுவதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த வித்தியாசத்தின் எடை என்ன என்பதற்கு நியூயார்க்கில் ஒரு கட்டடம் சாட்சி. 1917இல் பத்து லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச் சர இயற்கை முத்துமாலையைக் கொடுத்து, ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையைக் கார்ட்டியே நிறுவனம் வாங்கியது. பின்னர் ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியது, பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. 1957இல் அந்த மாலை ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது 1,51,000 டாலர். அந்தக் கட்டடத்தில் இன்னும் கார்ட்டியே கடைதான் நடக்கிறது.

வைரத்தில் இப்போது நடக்கும் விளையாட்டு வேறு. 'கோல்கொண்டா வைரம், சான்றிதழில் டைப் 2ஏ என்றே போட்டிருக்கிறது' என்று காட்டுகிறார்கள். டைப் 2ஏ என்றால் கல்லில் நைட்ரஜன் அநேகமாக இல்லை என்று பொருள். கோல்கொண்டா என்று பெயர் பெற்ற கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களில் கிடைத்த புகழ்பெற்ற கற்கள் பல அந்த வகை என்பது உண்மை. ஆனால் 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினனும் அதே வகைதான். இன்னும் சொல்லப்போனால், வாயுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் சி.வி.டி. வைரங்களும் பெரும்பாலும் டைப் 2ஏதான்! போன மாதம் விளைந்த கல்லைப் பழைய பாணியில் பட்டை தீட்டி, கறுத்த வெள்ளிக் கட்டுக்குள் பதித்துவிட்டால் நூறு வயது ஏறிவிடும். அறிக்கையில் 'இயற்கை வைரம்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். கல்லை நகையிலிருந்து கழற்றிச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள்.

அப்படியென்றால் நம் பக்கத்துக் கல் எதற்கும் நல்ல வரலாறு இல்லையா? இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1777இல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வைரங்களைப் பரிசளித்தார். அரசி இறந்த பிறகு அவை நகைக்காரர் கைக்குப் போய், 1837இல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவிடம் வந்து, பின்னர் அந்தக் குடும்பத்தின் தலையணி ஒன்றில் ஏறின. 1959இல் அமெரிக்க நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் அதை வாங்கி, கற்களைப் பிரித்து மறுபடி பட்டை தீட்டினார். ஆற்காடு இரண்டு என்ற கல் இன்று 17.21 கேரட். 2019இல் நியூயார்க்கில் 33.75 லட்சம் டாலருக்குப் போனது. பழைய பட்டையே போனபின்னும் பெயர் தங்கியதற்குக் காரணம், கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் எழுத்து இருந்ததுதான். உங்கள் பாட்டியின் தோட்டுக்கு அந்த எழுத்து இல்லை. பழைய பட்டை மட்டுமே அதன் வயதுக்குச் சாட்சி. ஜொலிப்பு கூடும் என்று யாராவது மறுபட்டைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கழுவும்போதும் கவனம் வேண்டும். பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்ப்பது நம் வீடுகளின் வழக்கம். பின்பக்கம் மூடிய நகைக் கட்டுக்குள் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். நீர் இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்துப்போனதுபோல் தெரியும். முத்துக்கு எலுமிச்சையும் வினிகரும் எமன். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

ஆவணம் என்றால் அரண்மனை முத்திரை வேண்டும் என்பதில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், சீர்ப்பட்டியல், பழைய அடகுச் சீட்டு, நகை தெளிவாகத் தெரியும் ஸ்டுடியோப் படம் எல்லாம் ஆவணம்தான். 2015இல் ரத்தாகும் வரை செல்வ வரிக்காக மதிப்பீட்டாளர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகள் பல வீடுகளின் பரணில் கிடக்கின்றன. எடை, கல் எண்ணிக்கை, தேதி, கையெழுத்து எல்லாம் அவற்றில் உண்டு. தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

எப்படி எழுதிவைப்பது என்று கேட்பவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குத்தான் அனுப்புவேன். இராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த நகைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கின்றன. முத்து என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல் வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, சப்பத்தி, கறடு என்றும், நீரோட்டத்தைப் பார்த்துக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்றும் பிரித்திருக்கிறார்கள். எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள், கோத்த சரடும் உள்ளே வைத்த அரக்கும் எடையில் சேர்ந்தனவா என்பதுவரை இருக்கிறது. இன்றைய நகைக்கடை ரசீதுகளில் பாதிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. என்னிடம் நகை வரும், பட்டியல் வராது. தஞ்சையில் நகைகள் எப்போதோ போய்விட்டன, பட்டியல் சுவரில் நிற்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத நகையும் தொல்பொருளாகவே கருதப்படும். அதைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது, சொந்தப் பாட்டியுடையதாக இருந்தாலும். 'நவாப் காலத்தது' என்று பெருமையாகச் சொல்லி வாங்கியதை மகளின் சிங்கப்பூர் வீட்டுக்கு எடுத்துச்செல்ல நினைத்தால், அந்தப் பெருமையே விமான நிலையத்தில் வினையாக முடியும். நகை உண்மையில் அவ்வளவு பழையதில்லை என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றுக்கு இந்தியத் தொல்லியல் துறையில் விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.