மார்ச், ஏப்ரலில் வட கானா: காய்ச்சலை வெயிலின் தலையில் கட்டாதீர்கள்

கானாவின் மோலே தேசியப் பூங்காவில் யானைகளை அருகிலிருந்து பார்க்க நல்ல காலம், கோடை உச்சத்துக்கு வரும் மாதங்கள்தான். காட்டுக்குள் நீர் வற்றிவிடுவதால் அவை மிச்சமிருக்கும் குளங்களைத் தேடி வருகின்றன. சோலார் நிறுவல், சாலை, ஆழ்துளைக் கிணறு போன்ற பணிகளும் மழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்பே அங்கே மும்முரமாக நடக்கும். ஆகவே வட கானா நகரங்களான தமாலே, போல்காடங்கா பக்கம் போகிறவர்களில் பலர் மிகக் கடுமையான வெயிலில்தான் போய் இறங்குகிறார்கள்.

பயணத்துக்கு முன் எங்களிடம் மருத்துவ ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இரண்டு நம்பிக்கைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஒன்று, “வேலூர் வெயிலையே பார்த்தவங்க நாங்க.” இன்னொன்று, “மழையே இல்லாத நேரத்துல கொசு எங்கேருந்து வரும்?” இரண்டுமே ஆபத்தானவை. வெப்பத்தாக்கு, மலேரியா, மூளை உறையைத் தாக்கும் மெனிஞ்சைடிஸ் மூன்றும் தலைவலி, உடல் சூடு, வாந்தி, சோர்வு என்று ஒரே மாதிரிதான் தொடங்கும். அதை வெயில் சூடு என்று ஒதுக்கி ஒரு நாள் காத்திருந்தால், அந்த ஒரு நாளே உயிருக்கு விலையாகலாம்.

முதலில் வெயில். போல்காடங்கா, நவ்ரோங்கோ பக்கம் மார்ச், ஏப்ரலில் பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டுவது வழக்கம். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மாலி நாட்டின் கேய்ஸ் நகரில் 48.5 டிகிரி பதிவானது. அந்த வெப்ப அலையில் பலரைச் சாய்த்தது பகல் மட்டுமல்ல, 30 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்த இரவுகளும்தான். இரவில் உடல் ஆறாவிட்டால் மறுநாள் வெயிலை அது சோர்வோடுதான் எதிர்கொள்ளும். சென்னையில் வியர்த்தால் சட்டை நனைந்து காட்டிக்கொடுக்கும். வட கானாவின் வறண்ட காற்றில் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடுகிறது. மணிக்கு ஒரு லிட்டர் இழந்துகொண்டிருந்தாலும் தெரியாது. தாகத்தை நம்பாமல் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அடர் மஞ்சளாகப் போனாலோ, ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை என்றாலோ நீர் போதவில்லை.

புறப்பாட்டுக்கு ஆறு வாரம் முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும். பழைய மஞ்சள் நிறச் சான்றிதழ்ப் புத்தகத்தில் பத்தாண்டு என்று எழுதியிருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார நிலையத்திலும் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் என்று கேட்டுவிட்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். புத்தகத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். சான்றிதழ் தொலைந்தால், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். கடுமையான முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பி நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள், கர்ப்பம், அறுபது வயதுக்கு மேல் முதன்முறை போடுவது ஆகியவற்றை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த ஊசி. எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா), சின்னம்மை ஊசிகளும் தேவையென்றால் ஒரே நாளில் போட வேண்டும், அல்லது 28 நாள் இடைவெளி விட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடி வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மெனிஞ்சைடிஸ் ஊசியை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் ‘மெனிஞ்சைடிஸ் வளையத்தில்’ வட கானாவும் அடக்கம். டிசம்பர் முதல் ஜூன் வரை, புழுதிக் காற்று மூக்கையும் தொண்டையையும் உலர்த்திப் புண்ணாக்கும் காலத்தில், அது பரவுகிறது. ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் எக்ஸ் வகையும் உண்டு. இந்த ஊசி அதைத் தடுக்காது. ஐந்து வகைகளையும் தடுக்கும் ஊசியைப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. 2024இல் நைஜீரியா அதை முதலில் மக்களுக்குப் போடத் தொடங்கியது. நான்கு வகை ஊசி எக்ஸைத் தடுக்காது என்பதால், அதைப் போட்டவருக்கும் கழுத்து விறைத்தால் மருத்துவமனைதான்.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை கட்டாயம் வேண்டும். அங்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் வகை. ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. பழைய மலேரியா மருந்தான குளோரோகுயின் அதற்கு எதிராக வேலை செய்யாது. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது டாக்சிசைக்ளின்: பெரியவர்களுக்குத் தினமும் 100 மில்லிகிராம், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பிய பின் நான்கு வாரம் வரை. கோடையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. தோலை வெயிலுக்கு எளிதில் கன்றச் செய்யும். முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. அரைமடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். முழு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு மணி நேரமாவது நிமிர்ந்திருங்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் இது கூடாது. வெயிலில் நிற்கும் வேலை என்றால் அட்டோவாகுவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரையையே நாங்கள் விரும்புகிறோம். திரும்பிய பின் ஏழு நாள் எடுத்தால் போதும். விலை அதிகம், எல்லாக் கடைகளிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். முன்பு கானாவில் பல வருடம் இருந்தவர்களுக்கும் இதே விதிதான்; அங்கே கிடைத்த பாதி எதிர்ப்புச் சக்தி, ஊர் திரும்பிய பின் கரைந்துவிடும்.

மழை இல்லாத காலத்தில் கொசு குறைவு என்பது உண்மை. இல்லை என்பது உண்மையல்ல. கால்வாய்ப் பாசனமும் சிற்றணைகளும் உள்ள இடங்களில் அவை கோடையிலும் பெருகுகின்றன. மலேரியா கொசு பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல், விடியும்வரை கடிக்கிறது. அந்த நேரத்தில்தான் ‘டும்சோர்’ வரும். மின்வெட்டுக்குக் கானாவில் அதுதான் பெயர். மின்விசிறி நின்றதும் புழுக்கம் தாங்காமல் வலையை உதறிவிட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ படுப்பார்கள். வெளியே படுப்பதில் தவறில்லை, வலையோடு படுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த, நான்கு முனையிலும் கட்டக்கூடிய வலையும் எட்டு மீட்டர் நைலான் கயிறும் பெட்டியில் இருக்கட்டும். சார்ஜ் செய்யும் சிறு மின்விசிறியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காற்று 40 டிகிரியைத் தாண்டும்போது விசிறி மட்டும் உடலைக் குளிர்விக்காது, தோலை நனைத்துக்கொண்டு விசிறினால்தான் பலன். கொசுவிரட்டிக் களிம்பில் டீட் என்ற விரட்டும் மருந்து 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி அதன்மேல்.

வழக்கமான மருந்துகளையும் ஒருமுறை அலச வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான நீர்ப்பெருக்கி மாத்திரைகள், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் ‘ஃப்ளோசின்’ என முடியும் மாத்திரைகள், லித்தியம், சில மனநோய் மருந்துகள், தூக்கம் தரும் சளி மாத்திரைகள் எல்லாம் வெப்பத்தில் சிக்கல் தருபவை. நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்சுலினை விட்டால் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் நம் வீட்டு மண்பானை முறையே நன்றாக உதவும்: ஈர மணலில் பதித்த பானைக்குள், நனையாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஆவியாதல் வேகமாக இருப்பதால், வறண்ட வட கானாவில் இது சென்னையைவிடச் சிறப்பாக வேலை செய்யும். குளுக்கோமீட்டர் பட்டைகளும் சூட்டில் தவறான அளவு காட்டும். அவற்றையும் நிழலில் வையுங்கள்.

முதல் வாரம் உழைப்பைப் பாதியாக்குங்கள். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஏ.சி. அறையிலேயே இருந்தால் பழகவே பழகாது. காலை பத்துக்கு மேல், மாலை நான்குக்கு முன் வெளி வேலை வேண்டாம். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருபது கொண்டுபோங்கள். அது தீர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ‘பியூர் வாட்டர்’ என்று விற்கும் 500 மில்லி பைகளில் முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். எவ்வளவு வெயிலானாலும் வோல்ட்டா ஏரியிலோ குட்டைகளிலோ இறங்கிக் குளிக்காதீர்கள். அக்கோசோம்போ அணை கட்டிய பின் அந்த ஏரிக்கரைகளில் சிஸ்டோசோமா புழு பெருகியது. அது தோலைத் துளைத்தே உள்ளே போகும்.

காய்ச்சல் வந்துவிட்டால்? குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், 40 டிகிரிக்கு மேல் உடல் சூடு என்றால் அந்த நிமிடமே குளிர்வியுங்கள். நிழல், ஆடை தளர்த்தல், உடல் முழுக்கத் தண்ணீர், விசிறல். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெப்பத்தாக்கில் பாராசிட்டமால் உதவாது. கானாவின் அவசர எண்ணான 112ஐ அழையுங்கள், ஆனால் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாத தலைவலி, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றபடி, போய்ச் சேர்ந்து ஏழு நாளுக்குப் பிறகு வரும் எந்தக் காய்ச்சலுக்கும் அன்றே மலேரியா பரிசோதனை செய்ய வேண்டும். தடுப்பு மாத்திரை ஒழுங்காக எடுத்திருந்தாலும்தான்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் மூன்று மாதத்துக்கு இந்தக் கவனம் வேண்டும். இங்கே காய்ச்சல் என்றால் டெங்குவும் டைஃபாய்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். தட்டணுக்கள் மலேரியாவிலும் குறையும் என்பதால் குழப்பம் கூடும். வாசலிலேயே “கானா போய்விட்டு வந்தேன்” என்று சொல்லுங்கள், மலேரியா ஸ்மியர் (ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) கேளுங்கள். முதல் ஸ்மியரில் கிருமி தெரியவில்லை என்றால் அத்தோடு விடாமல், 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள்.