வீட்டுக்கு மாத்திரை வர்றதுக்கு முன்னாடி நடந்த சர்வே

மக்களைத் தேடி மருத்துவம்னா வீட்டுக்கே வந்து பிபி, சுகர் மாத்திரை குடுக்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது எதை வச்சு ஆரம்பிச்சதுன்னு கேட்டா நிறைய பேருக்குத் தெரியாது. 2020ல தமிழ்நாட்டுல ஸ்டெப்ஸ்னு ஒரு சர்வே எடுத்தாங்க, உலக சுகாதார நிறுவனத்தோட முறை அது, முதல்ல கேள்வி கேப்பாங்க, அப்புறம் எடை, பிபி எல்லாம் பாப்பாங்க, கடைசியா ரத்தம். பெரியவங்கள்ல 33.9% பேருக்கு பிபி, 17.6% பேருக்கு சுகர்னு வந்துச்சு. அதைக்கூட விடுங்க, பிபி இருக்குறவங்கள்ல 7.3% பேருக்குத்தான் அது கன்ட்ரோல்ல இருந்துச்சு, சுகர்ல 10.8%. ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரைப் பாத்தா இது தெரியவே தெரியாது, ஏன்னா அங்க வராதவங்க பேரு அதுல இருக்காதுல்ல.

இந்த மாதிரி நிலைமையிலதான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில திட்டத்தை ஆரம்பிச்சாங்க. மகளிர் சுய உதவிக் குழுவுல இருந்து தன்னார்வலர் அக்காங்க வீடு வீடா வந்து செக் பண்ணுவாங்க, மாத்திரையும் அவங்களே கொண்டு வருவாங்க, நடக்க முடியாதவங்களுக்கு பிசியோதெரபி, படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு வலி நிவாரண கவனிப்பு, வீட்டுலயே டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அதுக்கான பை, எல்லாமே ஃப்ரீ.

இத்தனை லட்சம் பேர் பயனடைஞ்சாங்கன்னு பேனர்ல போடுறது எத்தனை வீட்டுக்குப் போனாங்கங்குற கணக்குதான் (எந்த ஆட்சி வந்தாலும் பேனர் இப்படித்தான்). மாத்திரை வாங்கி அலமாரியில வச்சவரும் அதுல ஒரு ஆள். பிபி எறங்குச்சாங்குறதுக்கு திரும்ப சர்வே எடுத்தாத்தான் பதில் கிடைக்கும். 2023-24ல ரெண்டாவது தடவை எடுத்தப்போ பிபி கன்ட்ரோல் 17%, சுகர் 16.7%னு ஏறியிருந்துச்சு. நல்ல முன்னேற்றம்தான், ஆனா பிபி இருக்குற நூறு பேர்ல இன்னும் 83 பேருக்கு கன்ட்ரோல்ல இல்லன்னும் அதே நம்பர் சொல்லுது.

இது மாநிலக் கணக்கு, உங்க பஞ்சாயத்து எப்படி இருக்குன்னு இதுல தெரியாது. அதுக்கு கிராம சபையில கேக்கலாம். நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு பிபி கண்டுபிடிச்சிருக்கீங்க, அதுல எத்தனை பேருக்கு கன்ட்ரோல்ல, அதாவது 140/90க்கு கீழ இருக்குன்னு கிராம சுகாதார செவிலியர்கிட்ட ரெண்டே கேள்வி. ரோடு, தண்ணி, தெரு லைட்டுன்னு பேசுற எடத்துல இதையும் ஒருத்தர் எழுந்து கேட்டா தப்பில்ல.

உங்க வீட்டுக்கு யாரும் வரலன்னா பக்கத்து துணை சுகாதார நிலையத்துலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ போய்ச் சொல்லுங்க, இல்ல 104க்கு போன் போடுங்க. பகல்ல வேலைக்குப் போற ஆம்பளைங்க வீட்டுல இருக்க மாட்டாங்க, அதனால வீட்டம்மாவுக்கு மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்க, ஆம்பளைங்களுக்கும் எப்போ வந்து பாக்கணும்னு முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

அடுத்த தடவை சர்வேக்காரங்க வந்தா எங்களுக்கு வேணாம், பக்கத்து வீட்டுல போய்க் கேளுங்கன்னு அனுப்பிடாதீங்க, குலுக்கல் மாதிரி எடுத்த வீடு அது, மாத்துனா கணக்கே தப்பாயிடும். பிபியை மூணு தடவை எடுப்பாங்க, மெஷின் ரிப்பேர்னு நினைக்காதீங்க, முதல்ல வர்றதை விட்டுட்டு மத்த ரெண்டோட சராசரியைத்தான் எடுத்துக்குவாங்க. மறுநாள் காலையில ரத்தம் எடுக்க வர்றோம்னு சொன்னா காபி கூட குடிக்காம வெறும் வயித்துல இருங்க, இல்லன்னா சுகர் அளவு தப்பா வரும்.