ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றும் முன்

மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் புளூடூத் ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் செய்தால் மொபைல் ஆப்பில் பி0171 என்று வருகிறது. கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துக் குறியீடாகச் சொல்லும் ஓ.பி.டி.-2 முறை இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கட்டாயமாகத் தொடங்கியதால், அதற்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் ஸ்கேனரால் இப்படிக் குறியீட்டைப் படிக்கலாம். உடனே பெங்களூரில் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்குப் போய், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை வாங்கிவிடாதீர்கள்.

அந்தக் குறியீட்டுக்கு, கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லவில்லை. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

விஷயம் லைவ் டேட்டாவில், அதாவது எஞ்சின் ஓடும்போது ஆப்பில் மாறிக்கொண்டே வரும் எண்களில் இருக்கிறது. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் எஞ்சினின் கணினியான இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டியது, குறைத்தது என்பதுதான் ஃப்யூயல் ட்ரிம். பொதுவாகக் கூட்டலோ கழித்தலோ 10-க்குள் இருந்தால் கவலையில்லை.

எஞ்சின் நன்றாகச் சூடானதும், ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) லாங் டெர்ம் ட்ரிம், அதாவது இ.சி.யு. நாள்பட்டுக் கற்றுவைத்த ட்ரிம், +22 என்று வைத்துக்கொள்வோம். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். +5-க்கு இறங்கினால், எஞ்சினின் காற்றுப் பாதையோடு இணைந்த ரப்பர் குழாயான வாக்யூம் ஹோஸில், காற்று கசிந்து நுழையும் விரிசலைத் தேடலாம். ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் கசிவு பெரிய பங்கு. வேகம் கூடினால் அது ஒன்றுமில்லாமல் போகும். மாறாக, லோடு (எஞ்சின் மேல் விழும் சுமை) ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் மேல் சந்தேகப்படுங்கள்.

கசிவு பற்றிய இந்தக் கணக்கு, காற்றின் அளவை நேரடியாக அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் உள்ள கார்களுக்கு. நம் சின்னக் கார்கள் பலவற்றில் அழுத்தத்தை அளக்கும் எம்.ஏ.பி. சென்சார்தான், அங்கே கசிவு இருந்தால் ட்ரிம் அவ்வளவு மாறாமல் ஐடில் வேகம் ஏறலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அந்த எம்.ஏ.பி. சென்சாரைப் பாருங்கள்: அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே அளக்கும், பெங்களூரில் சுமார் 91 கிலோபாஸ்கல் காட்டும். சென்னையில் 101 காட்டிய கார்தானே என்று பயப்பட வேண்டாம், நாம் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம்.

'எரேஸ்' பட்டனை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். குறியீடு விழுந்த நொடியின் வேகம், சூடு, லோடு எல்லாம் பதிந்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழிந்துவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம், விளக்கு நிலையாக எரியாமல் மின்னினால் ஸ்கேனர் வேலையே வேண்டாம். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலாக இருந்தாலும் சரி, ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.