பூட்டிய வீட்டில் நின்ற பேட்டரி வண்டி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பேட்டரி வண்டி சர்வீஸ் செய்பவர்களுக்கு முகூர்த்த மாதங்களில் வேலை கூடிவிடும். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்து வீட்டைத் திறப்பார்கள். முகப்பில் விட்டுப்போன வண்டி அசையாது. "ஃபுல் சார்ஜ்லதான் விட்டுட்டுப் போனேன், ஓட்டவே இல்லை, எப்படிக் கெட்டுச்சு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

பெரும்பாலும் ஓட்டாமல் விட்டதுதான் காரணம். லித்தியம் பேட்டரி என்பது பல சிறு செல்களைச் சேர்த்துக் கட்டிய பேக். அந்தச் செல்களைக் காவல் காக்க பிஎம்எஸ் என்று ஒரு சர்க்யூட் போர்டு உண்டு. வண்டி சும்மா நின்றாலும் அது துளித்துளியாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ், அலாரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். ஃபுல் சார்ஜோடு சித்திரை வெயிலில் கிடப்பதும் செல்லுக்கு ஆகாது.

ஆனால் எடுத்த எடுப்பில் பேட்டரி மேல் பழி போட வேண்டாம். பூட்டிய வீட்டில் முதல் சந்தேகம் எலி மேல்தான், ஒயரைப் பாருங்கள். அப்புறம் எம்சிபி (பேட்டரி இணைப்பை அணைக்கும் மெயின் சுவிட்ச்), ஃபியூஸ், பச்சை பூத்த கனெக்டர் பின். சார்ஜரின் லேபிளையும் படியுங்கள். 48 வோல்ட் என்று விற்கும் பேக்கிலேயே, 13 செல் வரிசைகள் தொடராக இணைந்ததற்கு 54.6 வோல்ட் சார்ஜர், 16 வரிசை லித்தியம் பாஸ்பேட்டுக்கு 58.4 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று பக்கத்து வீட்டுச் சார்ஜரை மாட்டாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வண்டி எழவில்லை, பேட்டரி முனையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் செல் ரொம்ப இறங்கியதால் பிஎம்எஸ்ஸே இணைப்பைத் துண்டித்திருக்கும். இதற்கு மேல் வீட்டில் கை வைக்க வேண்டாம். பேக்கைத் திறந்து ஒவ்வொரு வரிசையாக அளக்க வேண்டிய வேலை இது.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கொண்டுவந்த 13 வரிசை பேக் ஒன்றில், பத்து வரிசைகள் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டின. இரண்டு 2.6. ஒன்று மட்டும் 0.9.

"ஆச்சி, இதுக்கு இனிமே சார்ஜ் ஏத்தக் கூடாது."

"ஏன் தம்பி, இன்னொரு கடையில நேரா கரண்ட் குடுத்து எழுப்பித் தர்றேன்னாங்களே?"

எழுப்பலாம், வண்டியும் ஓடும். சிக்கலே அதுதான். ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி நெடுநாள் கிடந்தால், உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த தாமிரம் வேறு இடத்தில் படிந்து செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். இன்றைக்கே ஆக வேண்டும் என்பதில்லை. என்றைக்கோ ஒருநாள் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும்போது ஆகலாம். பிஎம்எஸ் சார்ஜை மறுக்கிறது என்றால் காரணத்தோடுதான் மறுக்கிறது. அதைத் தாண்டி நேராகக் கரண்ட் ஏற்றி, அதாவது பைபாஸ் செய்து தருபவரிடம் வண்டியை விடாதீர்கள். அழகப்பச் செட்டியார் நிலம் கொடுக்க, 1948-இல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடியிலேயே இந்த பைபாஸ் வேலை நடப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கெட்ட வரிசையை மட்டும் மாற்றலாமா என்றால், பேக் புதிதாக இருந்து, கொள்ளளவு ஒத்த செல்லும் கிடைத்தால் பார்க்கலாம். பழையதில் புதுச் செல்லைச் சேர்த்தால் மறுபடி ஏற்றத்தாழ்வுதான். ஆச்சியிடம் புதுப் பேக்கே போடச் சொன்னேன்.

பேக் உப்பியிருந்தாலோ, ஓட்டாமல், சார்ஜ் போடாமல் சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தாலோ, தின்னர் மாதிரி வாடை வந்தாலோ சார்ஜ் போடாதீர்கள். திறந்த வெளியில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நல்ல பேட்டரியானாலும் முகப்பில் வாசலை அடைத்தாற்போல் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவது வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது. பக்கத்தில் இருப்பதோ தேக்குத் தூணும் கதவும்.

ஊருக்குக் கிளம்பும்போது பாதிச் சார்ஜில் நிறுத்தி, எம்சிபியை அணைத்து, நிழலில் விடுங்கள். மாதம் ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் பாதிக்கு ஏற்றி வைக்கும்படி வீடு பார்ப்பவரிடம் சொல்லுங்கள். சாவியோடு சார்ஜரையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு சிங்கப்பூர் போனவர்களும் உண்டு.