கறுத்துப்போன ஃபூஜி பனி

பழம்பொருள்களைச் செப்பனிடுவது என் வேலை. போன வருஷம் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த பழைய எழுதுபொருள் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மூடி முழுக்கப் பளபளக்கும் கறுப்பு, அதில் ஃபூஜி மலை. அடிவாரத்து மேகம் பொன் துகளில் மங்கி மங்கிக் கரைகிறது. உச்சியைத்தான் காணோம். "பனி கறுத்துப்போயிருந்துச்சு மேடம், வெள்ளிப் பாத்திரம் துலக்குற பவுடர் போட்டுத் தேய்ச்சேன்" என்றார்.

மூடியில் இருக்கும் இந்தக் கறுப்புப் பூச்சுக்கு ஜப்பானில் உருஷி என்று பெயர். அரக்கு என்று நாம் சொன்னாலும் இது பூச்சி தரும் அரக்கு இல்லை. மரத்தைக் கீறி எடுக்கும் பால். பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த மரத்திலேயே சுமார் 200 கிராம்தான் கிடைக்கும். பாலே பழுப்பு நிறம் என்பதால் அதில் வெள்ளையைக் குழைத்தால் காப்பி நிறம்தான் வரும். அதனால் பனி வரைய, ஈர உருஷியின்மேல் வெள்ளித் துகளைத் தூவினார்கள். சில இடங்களில் முட்டை ஓட்டைப் பதித்தார்கள். வெள்ளி காலப்போக்கில் கறுக்கும். துலக்கினால் கறுப்போடு மலையும் போய்விடும்.

ஷிபாதா ஸேஷின் (1807–1891) என்ற ஜப்பானியக் கலைஞர் உருஷியைக் காகிதத்திலேயே தீட்டியவர், அதுவும் சுருட்டி வைக்கும் படச்சுருளில். விறைத்துப்போகும் பூச்சை வளையவைத்த அந்தக் கைப்பக்குவம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்ததும் உருஷியில் செய்த ஒரு ஃபூஜி காட்சிதான்.

உருஷி வெயிலில் காய்வதில்லை. 70–80 சதவீத ஈரப்பதமுள்ள அலமாரிக்குள் வைத்தால்தான் இறுகும். இறுகிவிட்டால் அமிலம்கூட லேசில் அரிக்காது. சரி, அப்புறம் எதற்குப் பயம் என்றால், வெளிச்சத்துக்குத்தான். ஜன்னல் வெயில் பட்டுப்பட்டு பளபளப்பு செத்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். அதன்பின் ஈரத்துணியால் துடைத்தாலே வெண்மையாகப் பூத்துவிடும். எண்ணெய் தடவிப் பளபளப்பை மீட்கலாம் என்று நினைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

உடைந்ததை வீட்டிலேயே ஒட்ட உருஷி வாங்குபவர்கள் கையுறை போடுங்கள். சேங்கொட்டை, முந்திரி குடும்பத்து மரம் அது. இறுகாத பால் பட்டால் தோல் கொப்பளிக்கும்.

அந்தப் பெட்டியில் நான் புதிதாக வெள்ளி தூவவில்லை. ஓரத்தில் தப்பியிருந்த கறுத்த பனியை அப்படியே விட்டேன். ஷோகேஸுக்குள் எரியும் விளக்கை மட்டும் கழற்றிவிடச் சொன்னேன்.