ஐசோமர்: அணுக்கருச் சமபகுதியம்

கிரேக்கத்தில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'மெரோஸ்' என்றால் பகுதி. இரண்டையும் சேர்த்து 1830-இல் 'ஐசோமர்' என்ற சொல்லை வேதியியலுக்குத் தந்தவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். ஒரே அணுக்கள் ஒரே கணக்கில் சேர்ந்திருந்தும் பண்பில் வேறுபடும் சேர்மங்களுக்கு அப்போது ஒரு பெயர் தேவைப்பட்டது.

அணுக்கருவிலும் அப்படி நேரலாம் என்று 1917-இல் ஊகித்தார் பிரிட்டன் வேதியியலாளர் சாடி. 1921-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆட்டோ ஹான் அதைக் கண்டே பிடித்தார். யுரேனியச் சிதைவில் பிறக்கும் புரோட்டாக்டினியம்-234 இரு வகையாக இருந்தது. இரண்டிலும் 91 புரோட்டான்கள், 143 நியூட்ரான்கள். ஆனால் ஒன்றின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கருக்கள் சிதைய ஆகும் காலம், ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், மற்றதற்கோ 6.7 மணி நேரம். காரணத்தை 1936-இல் ஜெர்மன் இயற்பியலாளர் வைட்சேக்கர் விளக்கினார். கிளர்ச்சியுற்ற அணுக்கரு வழக்கமாக நொடியின் மிக நுண்ணிய பங்குக்குள் காமாக் கதிரை உமிழ்ந்து தணிந்துவிடும். மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் சுழற்சி (அணுக்கருவின் கோண உந்தம்) பெரிதும் வேறுபட்டால், அந்த வேறுபாடு முழுவதையும் கதிர் சுமந்து செல்ல வேண்டும். ஆற்றல் இடைவெளியும் சிறிதானால் அது எளிதில் நடக்காது. அணுக்கரு மேல்நிலையிலேயே தங்கிவிடும்.

எவ்வளவு காலம்? மருத்துவமனைகளில் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேர அரை ஆயுள் கொண்டது ('எம்' என்பது இத்தகைய மேல்நிலையின் குறி). டான்டலம்-180எம் இன்னும் வியப்பு: அதன் தாழ்நிலை 8 மணி நேர அரை ஆயுளில் சிதைகிறது, இயற்கையில் கிடைக்கும் அதன் மேல்நிலை சிதைந்ததை இதுவரை யாரும் கண்டதில்லை.

தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல்கள் ஐசோமரை 'மாற்றியம்' என்கின்றன, இலங்கையில் 'சமபகுதியம்'. அணுக்கரு இயற்பியலுக்கு இலங்கைச் சொல்லே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தனிமம் இன்னொன்றாவதை மாற்றம் என்று சொல்லும் துறை இது. இங்கே 'மாற்றியம்' என்றால் தனிமமே மாறியதாக மயக்கம் வரும். 'சமபகுதியம்' கிரேக்க மூலத்தின் பொருளைச் சிதைக்காமல் தருகிறது. ஐசோடோப்பைக் குறிக்கும் 'சமதானி'யோடு இணையாகவும் நிற்கிறது.

நியூட்ரான் மிகுந்த அணுக்கருக்களை ஆராய்வோருக்குச் சமபகுதிய நிலை ஒரு வரம். உருவான இடத்திலிருந்து கற்றையாகப் பறந்து, உணர்கருவியில் வந்து நின்ற பிறகும் அது கதிரை உமிழும். அணுக்கருவின் அமைப்பை அதிலிருந்து படிக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள அரிய ஐசோடோப்புக் கற்றை ஆய்வகத்தில் சோடியம்-32 அப்படிச் சிக்கியது. நாம் அறிந்த சோடியத்தில் 12 நியூட்ரான்கள், இதில் 21. 2023-இல் வெளியான முடிவின்படி அதன் சமபகுதிய நிலை சுமார் 24 மைக்ரோநொடி அரை ஆயுள் உடையது. நியூட்ரான் எண் 20-ஐ ஒட்டிய இந்தப் பகுதியில் பல அணுக்கருக்கள் எதிர்பார்த்த உருண்டை வடிவை விட்டு நீண்டு போகின்றன. ஆகவே இது சுழற்சிச் சமபகுதியமா, உருண்டை வடிவிலிருந்து நீள்வடிவுக்கு மாற முடியாமல் தங்கிய வடிவச் சமபகுதியமா என்று அந்த ஆய்வாளர்கள் இரு விளக்கங்களை முன்வைத்தனர்.