சிக்ஸ் பை சிக்ஸ் இருக்கிறது, சரி. மீதி?

“போன மாசம்தான் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்தேன். சிக்ஸ் பை சிக்ஸ்னு சொல்லிட்டாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு, டாக்டர் எதுக்கு இந்த டெஸ்ட் எழுதினாருன்னே தெரியல.” இப்படிச் சொல்லிக்கொண்டே என் முன்னால் உட்கார்பவர்களில் சிலருக்கு, ஃபீல்டு டெஸ்ட், அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் சோதனை, முடிந்து தாள் வெளியே வரும்போது பாதி கறுப்பாக வருகிறது. கறுப்பு என்றால் அந்த இடத்தில் தெரியவில்லை என்று அர்த்தம். நான் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து கொடுப்பது என் வேலை, வைத்தியம் பார்ப்பது டாக்டர். ஆனால் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஜனங்கள் எடுக்கிற முடிவுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கடைசியாக வந்தவர் வேன் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். வண்டியின் இடது பக்கம் இரண்டு முறை உரசியிருக்கிறது. “சந்து அப்படிம்மா” என்றார். எழுத்துப் பலகையில் கடைசி வரியை இரண்டு கண்ணாலும் தடங்கலின்றிப் படித்தார். ஃபீல்டில் இடது கண்ணுக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். வலது கண்ணில் மூக்குப் பக்கம் போய்விட்டது. ஆக, இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தாலும் இடப்பக்கத்திலிருந்து வருகிற சைக்கிள் அவருக்குத் தெரியாது. பேச்சுவாக்கில், “எங்க அண்ணனுக்கும் நரம்பு காய்ஞ்சு போச்சுன்னாங்க” என்றார். அதை ஐந்து வருடம் முன்னால் யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

இந்த சிக்ஸ் பை சிக்ஸ் என்பது என்ன என்று ஒருமுறை பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்துப் பலகையை 1862-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் உருவாக்கினார். நல்ல கண் 6 மீட்டரில் படிக்கிற எழுத்தை நீங்களும் 6 மீட்டரில் படித்தால் 6/6. நல்ல கண் 60 மீட்டரிலிருந்தே படித்துவிடும் பெரிய எழுத்துக்கு நீங்கள் 6 மீட்டர் வரை வர வேண்டியிருந்தால் 6/60. அவ்வளவுதான் கணக்கு. 6/6 வரியில் ஓர் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 6 மீட்டரிலிருந்து பார்க்கும்போது அது ஒரு டிகிரியில் 12-இல் ஒரு பங்கு. ஒரு கண்ணால் மட்டும் நேராகப் பார்த்தால் காதுப் பக்கம் 90 டிகிரி வரைக்கும், மூக்குப் பக்கமும் மேலேயும் ஏறத்தாழ 60 டிகிரி, கீழே 70 டிகிரி வரைக்கும் தெரிய வேண்டும். இந்த முழுப் பரப்பில் எழுத்துப் பலகை சோதிப்பது நட்ட நடுவில் உள்ள ஒரு துளியை. அந்தத் துளி தப்பித்திருக்கும் வரை, சுற்றிலும் எல்லாம் போன பிறகும் கடைசி வரியைப் படித்துவிடலாம். பார்வை நரம்பு மெல்ல மெல்லக் கெட்டுப்போகிற கிளாக்கோமா (நரம்பு காய்ந்துபோச்சு என்று ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்) அநேகமாக அந்த நடுத்துளியைக் கடைசியில்தான் தொடுகிறது.

கம்ப்யூட்டர் டெஸ்ட் விஷயம் இன்னும் மோசம். கண்ணாடிக் கடையில் தாடையை வைக்கச் சொல்லி, நீளமான சாலையின் முடிவில் ஒரு பலூன் காட்டுவார்களே, அந்த மெஷின் சொல்வது உங்களுக்கு என்ன பவர் கண்ணாடி வேண்டும் என்பதை மட்டும். உங்களுக்கு எவ்வளவு தெரிகிறது என்றுகூட அது அளப்பதில்லை. பார்வை நரம்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

“தெரியாமப் போனா எனக்குத் தெரிஞ்சிருக்காதா?” என்று அடுத்துக் கேட்பார்கள். தெரியாது. வேண்டுமானால் இப்போதே பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இரண்டு கட்டைவிரலையும் பக்கம் பக்கமாக நிறுத்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பாருங்கள். பார்வையை எடுக்காமல் வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் அந்த இடத்தில் வெளிச்சத்தை உணரும் செல்களே இல்லை. அந்த ஓட்டைக்குள் 10 பௌர்ணமி நிலாவை வரிசையாக அடுக்கிவிடலாம். பிறந்ததிலிருந்து உங்களுக்கு இருக்கிறது, என்றைக்காவது கவனித்தீர்களா? மூளை ஒட்டுப் போட்டுவிடுகிறது. நோயால் விழுகிற ஓட்டையையும் அது அப்படித்தான் மூடி மறைக்கும்.

போஸ்டர்களில் போடுகிறார்களே, சுற்றிலும் கறுப்பு, நடுவில் குழாய் வழியாகப் பார்ப்பது போல ஒரு படம், அதுவும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். 2013-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் 50 கிளாக்கோமா நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். அந்தக் கறுப்புக் குழாயை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கல் என்றார்கள், சில பொருள்கள் இல்லாதது போல இருக்கிறது என்றார்கள். கறுப்பு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. சென்னை கிளாக்கோமா ஆய்வில் நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதுவரை விஷயமே தெரியாது.

சட்டத்துக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் பரப்பு 10 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டால் அது பார்வையின்மை. 6/6 படித்தாலும்தான். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் மருத்துவச் சான்றில் இருக்கிற கேள்வி, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்பது. நம் வேன்காரருக்கு நன்றாகவே தெரியும்.

இனி அந்த ஃபீல்டு டெஸ்ட். இதைப் பரீட்சை மாதிரி நினைத்து வருகிறார்கள், அங்கேதான் வம்பு. ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள விளக்கையே பார்க்க வேண்டும். அங்கங்கே ஒரு புள்ளி வெளிச்சம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வந்து போகும். தெரிந்தால் பட்டனை அமுக்க வேண்டும். நாங்கள் அதிகம் எடுக்கிற டெஸ்டில் 54 இடங்களில் இப்படிச் சோதிக்கிறோம். நீங்கள் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் மெஷின் அதே இடத்தில் இன்னும் மங்கலாக ஒன்றைக் காட்டும். தெரியாத அளவு வரும்வரை குறைத்துக்கொண்டே போகும். அதனால் நூற்றுக்கு நூறு நல்ல கண்ணுக்கும் ஏறத்தாழ பாதி வெளிச்சம் தெரியாது. தெரியவில்லையே என்று பதறி, அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். கட்டைவிரல் காணாமல் போனதே, அந்த ஓட்டை இருக்கிற இடத்திலும் மெஷின் இடையிடையே வெளிச்சம் போட்டுப் பார்க்கும். அதற்கும் அமுக்கினால் கண் நகர்ந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பொய்யாக அமுக்குகிறவர்களின் தாள் மனிதக் கண்ணுக்குச் சாத்தியமே இல்லாத அளவு வெள்ளையாக வரும், வீட்டுக்குப் போனதும் சொந்தக்காரர்களிடம் காட்டிப் பெருமைப்படலாம், வேறு பிரயோஜனமில்லை. ஒரு தடவை பேரன் பின்னால் நின்று, “தாத்தா, இப்ப அமுக்கு, இப்ப அமுக்கு” என்று தூண்டிவிட்டுக்கொண்டிருந்தான். பாசம்தான், ஆனால் தாள் குப்பைக்குப் போயிற்று.

ராத்திரி பஸ்ஸில் வந்து, டீகூடக் குடிக்காமல் நேராக மெஷினில் உட்காராதீர்கள். தூக்கம் வந்தால் அதுவும் தாளில் கறுப்பாகவே விழும். களைப்பாக இருந்தால் பட்டனைக் கையெடுக்காமல் அமுக்கிப் பிடித்தால் டெஸ்ட் நிற்கும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கண் சிமிட்டலாம், யாரும் திட்ட மாட்டோம். மேலிமை தொங்கினால் டேப் ஒட்டித் தூக்கிவிடுவோம், இல்லாவிட்டால் மேல்பாதி சும்மாவே கறுக்கும். முதல் டெஸ்ட் பலருக்கும் சொதப்பும். திரும்ப வரச் சொன்னால் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

இந்தத் தாளை வாட்ஸ்அப்பில் போட்டு அர்த்தம் கேட்கிறவர்களுக்கு ஒன்று. ஒற்றைத் தாளை வைத்து டாக்டரே முடிவு சொல்ல மாட்டார். நரம்பின் படம், அழுத்தம், பழைய தாள்கள் எல்லாம் சேர்ந்தால்தான் கதை புரியும். அழுத்தம் என்றதும், “எனக்கு பிரஷரே இல்லையே” என்பார்கள். இது கண்ணுக்குள் இருக்கிற அழுத்தம், பி.பி. மாத்திரை போட்டால் சரியாகிவிடாது. வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அந்த ஒற்றை எண்ணையும் நம்பி உட்கார வேண்டாம்.

பக்கவாதம் வந்த வீட்டுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும். “வலது கண்ணு போச்சு” என்று அவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் போயிருப்பது இரண்டு கண்ணிலும் வலது பாதி. கண்ணாடி மாற்றிப் பயனில்லை. ஃபீல்டு எடுங்கள்.

நாற்பது ஆனால் ஒருமுறை கண் மருத்துவரிடம் நரம்பைக் காட்டுங்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது நரம்பு காய்ந்தது என்று சொல்லியிருந்தால் நாற்பது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கண் சிவந்தது, பிள்ளைக்கு அரிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு மாயமாய்ப் போகும், உள்ளே அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இப்படி ஃபீல்டு எடுக்க நேரும்போது கை ஓடுவதில்லை.

கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். “மூணு மாசமா விடறேன், பார்வை கூடலையே” என்று நிறுத்திவிடாதீர்கள். அது பார்வையைக் கூட்டுகிற மருந்தில்லை. போனது வராது, இருப்பதைக் காக்கத்தான் அந்தச் சொட்டு. தீர்ந்துபோனால் அன்றைக்கே வாங்குங்கள், ஊருக்குப் போனால் பையில் முதலில் அதை வையுங்கள். அடுத்த முறை வரும்போது பழைய ஃபீல்டு தாள் அத்தனையையும் கொண்டு வாருங்கள், வேறு ஆஸ்பத்திரியில் எடுத்ததாக இருந்தாலும்.